சித்தேரிச் சுவரும் மெட்ராஸ் கம்ப்யூட்டரும்

கட்டாத சுவரைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, அது எவ்வளவு சாயும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் தொழில். இல்லாத சுவருக்காகத் தூக்கம் கெட்ட சகோதரர்கள் யாராவது இருந்தால் கை கொடுங்கள்.

படம்

எண்பதுகளின் நடுவில் சித்தேரி மலைப்பாதைக்கு ஒரு தாங்குசுவர் வந்தது. மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, நடுவே இரும்புப் பட்டைகளைப் பரப்பி, முகப்பில் கான்கிரீட் பலகை நிறுத்துவது. பட்டையை மண் இறுக்கிப் பிடித்தால்தான் சுவர் நிற்கும். மேலே பஸ் போகும்.

மெட்ராஸ் கம்ப்யூட்டர் போட்ட படத்தை மேஸ்திரி மாதையனிடம் பெருமையாக விரித்தேன். அசைவு கண்ணுக்குத் தெரியட்டும் என்று நூறு மடங்கு பெருக்கி வரைந்த படம். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். சுவர் நிறைமாத வயிறாகப் புடைத்திருந்தது. மாதையன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"வுழுந்துரும்னு உங்க மிஷினே சொல்லுது. அப்புறம் எங்கள எதுக்குங்க கட்டச் சொல்றீங்க?"

மண்

சமாதானம் செய்ய அரை நாள் ஆயிற்று. பிறகு ஒருநாள், மண்ணுக்குத் தண்ணீர் தெளிக்கும் சகாயமேரி புதிதாக வந்த லோடிலிருந்து ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து, "இது நம்ம மண்ணு இல்லீங்க" என்றார். மண்ணில் என்ன நம்ம மண், அசலூர் மண் என்று சிரித்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சோதனைக்கு அனுப்பினேன். களிமண் கலந்திருந்தது. சோதனையில் வந்த எண்ணைப் போட்டு மெட்ராஸில் மறுபடி கணக்கை ஓட்டினால், அடிப்பட்டைகள் உருவிக்கொண்டு வந்தன. அப்படியே கட்டியிருந்தால் சுவர் பஸ்ஸோடு சரிந்திருக்கும்.

அந்த மண்ணையெல்லாம் வாரி வெளியே கொட்டச் சொல்லிவிட்டு, சகாயமேரியிடம் போய்க் கும்பிடாத குறையாக விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா சார் மெட்ராஸ் போனீங்க? கையில ஒட்டுச்சே, பாக்கலீங்களா?"

முள்

அடைமழைக்குப் பிறகு முதல் பஸ். மாதையனின் மகள் கைக்குழந்தையோடு அதில் வந்தாள். கீழே சுவரடியில் மாதையனும் நானும். பலகையில் பொருத்தியிருந்த அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நகரும் என்று கம்ப்யூட்டர் சொன்ன எண் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் இருந்தது. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

பஸ் தலைக்கு மேலே உறுமியது. முள் நகர்ந்தது. எனக்கு மூச்சு நின்றது. சரியாக அந்த எண்ணில் முள்ளும் நின்றது. பஸ் வளைவைத் தாண்டிப் போய்விட்டது. என் கண் கலங்கியதை மறைக்கவில்லை. மாதையன் சீட்டை வாங்கி முள்ளோடு ஒப்பிட்டார்.

"மெட்ராஸ்ல குந்திக்கிட்டு இதுக்கு எப்பிடிங்க தெரிஞ்சுது?"

எனக்கும்தான் தெரியவில்லை, ஆனால் அதைத் தெரிந்த மாதிரி தலையாட்டுவதற்குத்தானே இன்ஜினியர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.