ஆமாம் என்றால் ஒரு தட்டு

குரல்வளையை எடுத்த பிறகு எனக்குப் போன் எதற்கு என்று ஊரில் எல்லோரும் கேட்டாயிற்று. சந்தையில் நான் மிளகாய் மூட்டைக்கு விலை பேசினால் பக்கத்து ஊர் உச்சிப்புளி வரைக்கும் கேட்கும் என்று கேலி செய்தவர்கள்தான். மகன் துபாயிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, "அய்யா எப்படி இருக்காரு?" என்று விசாரிப்பான். அவர்கள் ஸ்பீக்கரில் போடுவதால் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்கும். பேச முடியாதவனிடம் என்ன பேசுவது என்று நினைத்திருப்பான். போனது குரல்தான், காது அல்ல என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

என் போனுக்கு ஒரே ஓர் இடத்திலிருந்துதான் அழைப்பு வரும். மதுரையில் எனக்குக் கரண்ட் வைத்த, அதாவது கதிர்வீச்சு கொடுத்த, ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. செல்லுக்குள் டிஎன்ஏ அறுந்தால் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய என்றே சில ஜீன்கள் உண்டாம். புற்றுக்கட்டிக்குள்ளும் அவை வேலை செய்யும். டாக்டர் கரண்ட் வைத்து அறுத்ததை, நாம் வெட்டிவிட்ட வரப்பைப் பங்காளி ராத்திரியோடு அடைப்பதுபோல் அடைத்துவிடும். கட்டியில் அந்த ஜீன்களின் அளவைப் பார்த்தே யார் பிழைப்பார், யாருக்குத் திரும்ப வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. அதற்கு, என்னைப்போல் கட்டியைக் கொடுத்தவன் இருக்கிறானா போய்விட்டானா என்று தெரிய வேண்டும். அதைக் கேட்கத்தான் ஒரு பெண் சில மாதங்களுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி லேண்ட்லைனிலிருந்து கூப்பிடுவாள்.

முறையை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "அய்யா, ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டுங்க." போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்துவிட்டுக் கைதட்டுவேன். சாப்பாடு இறங்குகிறதா, கழுத்தில் ஏதும் தட்டுப்படுகிறதா என்று கேட்பாள். ஒருமுறை உச்சிப்புளித் தளத்துக் கடற்படை விமானம் தலைக்குமேல் போனதில் என் தட்டு அவளுக்குக் கேட்கவில்லை. "அய்யா? அய்யா, இருக்கீங்களா?" என்று பதறிவிட்டாள். அந்தப் பதற்றத்தை நினைத்துப் பல நாள் சந்தோஷமாக இருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் கட்டியில் அந்த ஜீன் கூடவா குறைவா என்று தெரிந்துகொள்ள ஆசை. கைதட்டிக் கேள்வி கேட்க முடியாதே. பதில் மட்டும்தான் சொல்லலாம்.

போன மாசியில் கூப்பிட்டபோது எல்லாக் கேள்விக்கும் நல்ல பதிலாகவே தட்டினேன். "ரொம்ப சந்தோஷம் அய்யா. உங்களைக் கவனிச்சுக் குறிக்க வேண்டிய காலம் முடிஞ்சிருச்சு. இனிமே போன் போட்டுத் தொந்தரவு பண்ண மாட்டோம். சரிங்களா?"

இரண்டு தட்டினேன்.

"என்னங்கய்யா, வலி இருக்கா?"

இரண்டு.

"மூச்சு முட்டுதா?"

இரண்டு.

"டாக்டரைப் பாக்கணுமா?"

பொய்யாக ஒரு தட்டு தட்டியிருக்கலாம். அப்போது புத்தி வரவில்லை. இரண்டுதான் தட்டினேன். அவள் குழம்பிப்போனாள். "நான் மறுபடி போன் போடணுமா அய்யா?" என்று இப்போது கேட்டுவிடுவாள் என்று நினைத்து, ஒரே ஒரு தட்டுக்குக் கையைத் தயாராக வைத்திருந்தேன்.

"அப்ப எல்லாம் நல்லாத்தான இருக்கு. வச்சிடுறேன் அய்யா" என்றாள்.