மாமா எடுத்த வெற்றிலை

எங்கள் அப்பா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று நம் வீட்டுப் பந்தியில் அமரும் உறவினர், நண்பர் ஒவ்வொருவரிடமும் அப்பாவைப் பற்றி ஒரு கதை இருக்கும். என்னிடம் உள்ளதை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். மாமா சொல்ல ஆரம்பித்தால் தாமே ஜெயித்ததாக முடித்துவிடுவார்!

அப்பா பிறந்தது கட்டுமாவடிக்கு மேற்கே ஒரு சிற்றூரில். இளம் வயதிலேயே தகப்பனாரை இழந்து, கருவாட்டுக் கூடையைத் தலையில் சுமந்து சந்தை சந்தையாக நடந்து, பிறகு சொந்தக் கடை வைத்தார்கள். மழை பிடித்தால் கடற்கரை வண்டிகள் சேற்றில் அச்சுவரை இறங்கிவிடும். மீன் வழியிலேயே நாறிப்போகும். அந்தப் பாதைக்குக் கப்பிக்கல் போட்டே தீரவேண்டும் என்றுதான் அப்பா ஜில்லா போர்டுத் தேர்தலில் நின்றார்கள். எதிர்த்து நின்றவர் எங்கள் மாமா, அம்மாவின் உடன்பிறந்த அண்ணன்!

மற்ற ஊர்களில் ஆளுக்குப் பாதி ஆதரவு. கட்டுமாவடி யார் பக்கமோ அவருக்கே வெற்றி. அப்பா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு அங்கே போனார்கள். அதில் வெற்றிலை எடுத்தால் ஆதரவு தருவதாக வாக்கு. ஊர்த் தலைவர் தாம்பாளத்தைத் தொடவில்லை.

"ஒங்க மச்சான் இதுல வெத்தலை எடுத்தாராங்க?"

"அவருதானே என்னை எதுத்து நிக்கிறாரு!"

"அதுக்குத்தான் கேக்குறேன். பொண்ணு குடுத்தவுகளே கை வைக்காத தாம்பாளத்துல நாங்க எப்படிங்க கை வைக்கிறது? மொதல்ல அங்கிட்டுப் போயிட்டு, அப்பறம் இங்கிட்டு வாங்க."

அப்பா வண்டியைத் திருப்பினார்கள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு மாமா வீட்டுக்கே போய்விட்டார்கள்.

"என்ன மாப்ளே, என்னைத் தோக்கடிக்க எங்கிட்டயே ஆதரவு கேக்குறீங்களா? வெக்கமா இல்ல?"

"இருக்கு மச்சான். ஆனா ரோடு வேணுமே."

தாம்பாளம் ஏந்தி நின்ற அம்மா, "அண்ணே, எனக்குக் கை கடுக்குது" என்றார்கள்.

மாமா ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி மென்றார். "வெத்தலைதான் எடுத்தேன். ஓட்டு எனக்குத்தான். வண்டியில எடமிருக்கா? நானும் வாரேன், அங்க எனக்கும் ஓட்டுக் கேக்கணும்."

வேட்பாளர் இருவரும் ஒரே மாட்டு வண்டியில் வந்திறங்கக் கண்டு கட்டுமாவடியே சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்காமல் மாமாவைக் கேட்டார்: "ஒங்க மாப்பிள்ளை ஆளு எப்படிங்க?"

வண்டிக்குள்ளிருந்து அம்மா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா தலையைச் சொறிந்தார்.

"பிடிவாதக்காரரு. சீட்டாட்டத்துல தோத்தா அழுவாரு. ஆனா எடையில கை வைக்க மாட்டாரு. சொன்னாச் செய்வாரு."

சொல்லி முடித்த பிறகுதான் மாமாவுக்கு உறைத்தது. அதற்குள் தலைவர் வெற்றிலையை எடுத்துவிட்டார்.

அப்பா ஜெயித்தார்கள். கப்பிச் சாலையும் வந்தது. கடைசி நாட்களில் அவர்கள் படுத்த படுக்கையானபோது, மாமா அந்தச் சாலை வழியே தினமும் வந்து சீட்டாடித் தோற்றுக்கொண்டிருந்தார். "தோத்துத் தோத்தே பழகிட்டீங்க மச்சான்" என்று அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

இரவு பகல் பாராமல் பார்த்த வைத்தியருக்கும், கொட்டும் மழையிலும் அந்தச் சாலையில் வண்டி கட்டி வந்து அப்பாவை வழியனுப்பிய கட்டுமாவடி மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கும் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகுமுன் படித்துவிட்டு, "வெத்தலை எடுத்தவனுக்கு நன்றி எதுக்குடா?" என்று அந்த வரியை அடித்துவிட்டார்.

சரி, நன்றி இல்லை. இம்மலரின் முதல் பிரதியை அதே தாம்பாளத்தில் வைத்து நான் ஏந்தி நிற்கிறேன். மாமா, கை கடுக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.