நான் சொன்ன எருமை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆட்கள் முன்னால் வாய் திறக்க வராது. கல்யாணம் முடிந்து மாமியார் வீட்டுக்கு வந்த பிறகு அது இன்னும் மோசமாயிற்று. கேட்டதற்குத் தலையாட்டுவேன். தலையாட்டித் தீராத கேள்வி என்றால் அடுக்களைக்குள் போய்விடுவேன். ஊமைப் பெண்ணைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சுகூட உண்டு.

எங்களுக்கு இருந்தது புதுக்கடைக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் விளை. தென்னை, ஊடே மரச்சீனிக் கிழங்கு. அதில் ஆடோ மாடோ ஏதாவது உருப்படி வளர்க்க வேண்டும் என்று ஒரு வருஷம் பேச்சு வந்தது. பேச்சு என்றால் சண்டைதான். மாமாவுக்கு ஒரு ஜோடி காளை வேண்டும்.

“காளையா? நம்ம விளையில அது திரும்பணும்னா அடுத்தவன் விளைக்குள்ள போய்லா திரும்பணும்!” என்றார் மாமி. அவருக்கு வேண்டியது ஆடு.

“ஆடு மரச்சீனி எலையத் தின்னு சாவும். ஒவ்வொண்ணுக்கா ஒப்பாரி வைக்க உனக்கு நேரம் உண்டா?” என்றார் மாமா.

என் வீட்டுக்காரருக்குப் பசு. ஆனால் சுழி சரியாக இருக்க வேண்டும், கொம்பு சரியாக இருக்க வேண்டும், வால் நீளமாக இருக்க வேண்டும். பார்த்துப் பார்த்து ஒன்றும் பிடிக்காமல் ஒவ்வொரு சந்தையிலிருந்தும் கருவாடு வாங்கிக்கொண்டு வந்தார்.

ஒரு நாள் கஞ்சி குடிக்கும்போது மாமா கேலியாக என்னைப் பார்த்து, “நீ சொல்லு மக்கா, என்ன வாங்கலாம்?” என்றார். என்னவோ, வாய் தானாகத் திறந்துவிட்டது.

“எருமை” என்றேன்.

எல்லார் கையும் கஞ்சியில் நின்றது. அந்த வீட்டில் நானாக ஒரு யோசனை சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் தாய்வீட்டில் எருமை உண்டு, வேறு காரணம் ஒன்றுமில்லை. நான் பேசிவிட்ட அதிசயத்துக்காகவே அவர்கள் வாங்கினார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த சந்தையிலிருந்து எருமை வந்தது. கன்று செத்துப்போனது, ஆனாலும் பாலுக்குக் குறைவில்லை என்று தரகர் சத்தியம் பண்ணினாராம். கறவை சரியில்லை என்றால் மறு சந்தையில் திருப்பி விடலாம், அதுதான் அங்கே வழக்கம்.

மடி வஞ்சனையில்லாமல் இருந்தது. பால்தான் இறங்கவில்லை. தவிடு வைத்தோம், பிண்ணாக்கு வைத்தோம், காம்பில் எண்ணெய் தடவினோம். தின்றது, அசை போட்டது, செம்பு காலியாகவே இருந்தது.

“சவம், தின்னுத தீனிக்கு ஒரு கரண்டி பாலாவது தரப்பிடாதா? ஏட்டி, நீ சொன்ன எருமையில்லா, நீயே கேளு அதுகிட்ட!” என்றார் மாமி.

நான் என்ன கேட்க? எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குணம். சந்தை நெருங்க நெருங்க மாமி ஆட்டுக்குக் கயிறு திரிக்க ஆரம்பித்தார். எருமை போனால் போகட்டும். நான் சொன்ன ஒரே வார்த்தையும் அதன் பின்னாலேயே போய்விடுமே, இனி யார் என்னிடம் எதைக் கேட்பார்கள்?

சந்தைக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் எருமையை விற்ற வீட்டுக்கே போய்க் கேட்டு வந்தார். அது ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீடு. வாத்தியாரின் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாராம்: “எங்க தொழுவத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்லா. பிள்ளைகள் ஒண்ணாச் சேந்து வாய்ப்பாடு சொல்லும்போதுதான் கறப்போம். அந்தச் சத்தம் கேட்டாத்தான் அது பாலு எறக்கும்.”

வந்த உடனே என் வீட்டுக்காரரே எருமை பக்கத்தில் நின்று இரண்டாம் வாய்ப்பாட்டை எடுத்துவிட்டார். எருமை செம்பை உதைத்துத் தள்ளியது.

“ஏலே, உனக்க தொண்டையக் கேட்டா இருக்க பாலும் வத்தும்!” என்றார் மாமா. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாலாம் வகுப்புவரை நானும் அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவள். மாமி செம்பை என் கையில் கொடுத்தார்.

முதலில் முணுமுணுத்தேன். எருமை ஒரு காதை மட்டும் ஆட்டியது.

“அதுக்குக் கேக்கல்ல. ஒறக்கச் சொல்லுட்டி!” என்றார் மாமி.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, வகுப்பில் இழுப்பதுபோல் ராகம் போட்டு, “ஈரெண்டு நாலு” என்று ஆரம்பித்தேன். மூன்றாம் வாய்ப்பாட்டில் மடி இளகியது. ஐந்தாம் வாய்ப்பாட்டில் செம்பில் நுரை கட்டியது. கண்ணைத் திறந்தால் வேலியோரம் அக்கம்பக்கம் முழுவதும் நிற்கிறது! எழுந்து ஓடலாம் என்றால் பால் நின்றுவிடும். முகத்தை எருமையின் வயிற்றோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஒன்பதாம் வாய்ப்பாடுவரை பாடி முடித்தேன்.

மறுநாள் எருமை சந்தைக்குப் போகவில்லை. மாமி திரித்த கயிறு கிணற்று வாளிக்கு ஆயிற்று.

தலைப்பிரசவத்துக்கு நான் தாய்வீடு போனபோது மாமிதான் கறந்தார். அவர் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. நான் கைப்பிள்ளையோடு திரும்பி வந்த அன்றைக்குத் தொழுவத்தில் சத்தம் கேட்டது. ராகம் அப்படியே என் ராகம். “ஏழெட்டு எம்பது, எட்டெட்டு நூறு…” செம்பு நிறைந்துகொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. “மாமி, ஏழெட்டு அம்பத்தாறு” என்றேன்.

மாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எருமையே ஒண்ணும் சொல்லல்ல, உனக்கென்னட்டி? வாயில்லாத பிள்ளைன்னுல்லா உன்னக் கெட்டிக் கொண்டாந்தோம்!”