குளிக்காமல் வந்த சித்தி

சித்தி வேலையிலிருந்து வந்து குளித்து முடிக்கும்வரை எங்கள் வீட்டில் விளக்கோ அடுப்போ பற்றவைக்க மாட்டார்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் வேலை அவளுக்கு. வேனிலிருந்து இறங்கி இருட்டிய வாசலில் வந்து நிற்கும்போது முகமும் கையும் வெள்ளியாக மினுங்கும். கண்கள் இரண்டும் குழிபோல் கறுப்பாகத் தெரியும். தினமும் பார்க்கிற முகம்தான், ஆனாலும் தினமும் ஓர் அடி பின்வாங்குவேன்.

குளிக்கும்வரை அவளைத் தொட அம்மா எங்களை விட்டதில்லை. அவளுடைய வேலைச் சேலைகள் இரண்டும் வீட்டுக்குள் வராது. மாற்றுச் சேலை கொல்லை வேலியில்தான் கிடக்கும். அழுக்கு என்பதால்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மருந்து வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். சேலை பற்றும் என்று தெரியாது.

சுனாமிக்கு முந்தைய வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம். பெண்பிள்ளையான எனக்குக் காபிரியேல் தூதன் வேஷம். ஒரு மாதமாக, நாடகம் பழக்கிய கோயில் உபதேசியார் எனக்குக் கற்றுத்தந்தது ஒரே பாடம், குனிவது. வானத்திலிருந்து வந்தவனே ஏழைப் பெண் முன்னால் முட்டி போட்டான், உனக்கென்ன கொம்பு முளைத்திருக்கிறதா என்பார். மரியாளாக நடித்தவளோ கணக்கில் என்னைப் பார்த்து எழுதுகிறவள். அவள் முன் மண்டியிட எனக்கு உடம்பு வணங்கவில்லை.

கடைசியில் மனதுக்குள் ஒரு பேரம் பேசிக்கொண்டேன். குனிந்துதான் ஆகவேண்டும் என்றால் மின்னிக்கொண்டே குனிவது. உபதேசியார் தந்த போர்வைச் சிறகை ஓரம்கட்டிவிட்டு, வேலியில் வெள்ளியாக மினுங்கிக் கிடந்த சித்தியின் சேலையைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு போனேன். திரைக்குப் பின்னால் ஊக்குக் குத்தித் தோளிலிருந்து தரைவரை தொங்கவிட்டேன். மேய்ப்பர்களாக நின்ற பையன்கள் வாயைப் பிளந்தார்கள்.

விளக்கை அணைத்துவிட்டார்கள். மரியாளின் காலடியில் ஏழு மெழுகுவர்த்திகள். ஜனங்கள் கையிலும் ஆளுக்கொன்று. நான் நடந்து போய், ‘பயப்படாதே’ என்று என் வசனத்தைச் சொன்னேன். மரியாள் பயந்துதான் போயிருந்தாள், ஆனால் என்னைப் பார்த்து அல்ல. எனக்குப் பின்னால், வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டது.

வாசலில் அந்த வெள்ளி முகம் நின்றது. நிலைக்கு உள்ளே ஓர் அடிகூட வைக்கவில்லை.

“ஏட்டி, குனியாத. அப்பிடியே நில்லு.”

தூங்குகிற பிள்ளையிடம் பேசுவதுபோல மெல்லிய குரல். ஒரு மாதம் குனியச் சொல்லிவிட்டு இப்போது ஒருத்தி குனியாதே என்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

“யாரும் எந்திரிச்சு ஓடாதீக. இருந்த எடத்துலயே திரிய ஊதி அமத்துங்க. வேலியில காணோம்னு ஓடியாந்தேன், பிள்ளை மேல இருக்கது எஞ் சேலை.”

அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கவில்லை. எங்கள் ஊர் ஜனங்களுக்கு அவ்வளவு போதும். பின்வரிசையிலிருந்து ஒவ்வொரு சுடராக அணைந்துகொண்டே வந்தது. மரியாளின் காலடியில் இருந்தவற்றை அவளே ஊதினாள். கடைசித் திரியும் அணைந்த பிறகுதான் சித்தி உள்ளே வந்தாள். ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில், உடம்பே இல்லாமல் அந்த முகம் மட்டும் என்னை நோக்கி மெல்ல மெல்ல வந்தது.

என் முன்னால் வந்து முட்டி போட்டாள். ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவள் முட்டி போட்டிருந்ததைப் பார்த்து, என்னை உண்மையான தூதன் என்று நினைத்து வணங்குகிறாள் போலிருக்கிறது என்று கொஞ்சம் பெருமைப்பட்டேன். சேலை கழன்றதும் பெருமையும் போய்விட்டது. நாடகம் கெட்டதற்குப் பழிவாங்க அம்மாவைத் தேடினேன். பெண்கள் பக்கமிருந்து அவளே ஓடிவந்துகொண்டிருந்தாள்.

“சித்தி குளிக்காம கோயிலுக்கு வந்துருச்சும்மா,” என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குளிக்காத சித்தியை அந்த மருந்தோடு அப்படியே இறுகக் கட்டிக்கொண்டாள். விடுபட்டபோது அம்மாவின் முகமும் வெள்ளியாக இருந்தது. இருட்டில் அந்த இரண்டு முகங்களும் சத்தமில்லாமல் அழுதன. கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுச்சேலை பாழாகிவிட்டதே என்றுதான் அம்மா அழுகிறாள் என்று நினைத்தேன்.