களிமண் வீட்டின் கோணல் சுவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். இரணியல் பக்கம் ஒரு சின்ன ஊரில் குடியிருந்தோம். மாமனார் காலத்துக்கும் முந்திய வீடு. மண்சுவர், மேலே ஓடு. ஐப்பசி மழை விடாமல் பெய்து, அன்றைக்குத்தான் கொஞ்சம் வெறித்திருந்தது.

நாகர்கோவிலிலிருந்து ஒரு சிற்பி எங்கள் ஊரில் வந்து தங்கியிருந்தார். பழைய வீடுகளைப் போட்டோ பிடிப்பார்; பிறகு அதைப் பார்த்துக் களிமண்ணில் குட்டி வீடாகச் செய்வார். வேலையத்த வேலை என்று ஊரே சிரித்தது.

எங்கள் வீட்டைச் செய்து முடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு மாசப் பிள்ளை தொட்டிலில் தூங்கினான். "நீ போயி பாத்துட்டு வா மக்கா, நான் வாசல்ல இருக்கேன்" என்றாள் அடுத்த வீட்டு அக்கா.

போய்ப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். "என்னவாக்கும் இது? எங்க வீட்டுச் சொவரு குடிகாரன் கணக்கா சாஞ்சு நிக்கு! நிமித்தி வையும்" என்றேன்.

ஈரம் காயாத களிமண் சுவரை நிமிர்த்தக் கைவைக்கப் போனவர் நிறுத்திவிட்டார். "உள்ளபடிக்குத்தான் செஞ்சேன், அம்மா" என்று போட்டோவை நீட்டினார். அதிலும் சுவரின் மேல்பாதி உள்ளே சாய்ந்திருந்தது. "ஒம்ம போட்டோப் பெட்டியும் கோணல்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றேன். தொட்டில் கயிறு உத்திரத்திலிருந்து நேராகத் தொங்கியது. கீழே கயிற்றுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. மேலே ஒரு விரல்கூட நுழையாது.

ஆண்டவரே! அந்த உத்திரம் உட்கார்ந்திருந்ததே அந்தச் சுவரில்தான். காலையிலிருந்து நான் ஆட்டிய ஆட்டமெல்லாம் நினைவுக்கு வந்தது. கயிறு அசைந்தால் என்ன ஆகுமோ? கத்தினால் பிள்ளை துள்ளுவான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து மெல்லத் தூக்கினேன். மேலிருந்து என் கழுத்தில் மண் உதிர்ந்தது. எப்படி வாசலுக்கு வந்தேன் என்று தெரியாது.

"ஏட்டி, என்னாச்சு ஒனக்கு?" என்றாள் அக்கா. பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் மறுபடியும் மழை. அக்கா வீட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் சுவர் உள்ளே விழுந்தது. தொட்டில் மண்ணுக்கடியில் போயிற்று.

பிள்ளைக்கு இப்போது பேரன் பேத்தி எடுக்கும் வயது. ஆனாலும், என் வாய்க்குப் பயந்து அந்த மனிதர் களிமண் சுவரை நிமிர்த்தித் தந்திருந்தால் நானும் சந்தோஷமாக வந்து தொட்டிலை ஆட்டியிருப்பேனே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.