கூண்டக்காவின் ஆறாவது ஆள்

லிஃப்டுக்குள் நுழைந்ததும் கூண்டக்கா கண்ணை மூடிக்கொள்வாள். பயம் ஒன்றும் இல்லை. போக வேண்டிய மாடியின் பொத்தானை அழுத்திவிட்டு, வலது உள்ளங்கையைப் பக்கச் சுவரில் பதித்து, நாடி பார்க்கிறவர் மாதிரி அசையாமல் நிற்பாள். கிளம்பும்போது வருகிற சின்ன உதறல், நடுவழியில் ஏதாவது உரசுகிறதா, நிற்பதற்கு முன்னால் ஒரு நொடி தயங்குகிறதே அந்தத் தயக்கம் சீராக இருக்கிறதா, எல்லாம் அந்த உள்ளங்கைக்கு வந்து சேரும். கதவு திறந்ததும் சுவரில் இரண்டு தட்டு. ஒழுங்காக ஓடியிருந்தால் "சமத்து" என்பாள். இல்லையென்றால், "எண்ணெய் பார்த்து எவ்வளவு நாளாச்சு உனக்கு?" ஒருமுறை பக்கத்தில் நின்ற பெரியவர் தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அரசுத் தொழிற்பயிற்சி மையத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. ஆட்கள் ஏறி நிற்கும் பெட்டிக்கு அந்தத் தொழிலில் கூண்டு என்று பெயர். வகுப்பில் வாய்க்கு வாய் கூண்டு, கூண்டு என்றதில் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுடைய வகுப்பறை கூரை உயர்ந்த ஒரு கூடம். நடுவில் இரும்புச் சட்டங்களுக்குள் நிஜமான லிஃப்ட் ஒன்று. தரையிலிருந்து கிளம்பி ஓர் இரும்புப் பரணில் போய் நிற்கும். பரணில் ஒரு ஒட்டடைக் கம்பைத் தவிர வேறெதுவும் கிடையாது. எங்கேயும் போகாத அந்த லிஃப்டில் பழகிய கைகள்தான் ஊரில் பாதி லிஃப்டுகளை ஓடவைத்துக்கொண்டிருந்தன.

மாற்றம் தலைநகரிலிருந்து வந்தது. அதுவரை பயிற்சி கொடுக்க ஒரு துறை, வேலை தேடித் தர இன்னொரு துறை. இரண்டும் ஒரே கட்டடத்தில் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருந்தன. ஆனால் மனத்தாங்கலில் பேச்சை நிறுத்திக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றின் முகத்தில் ஒன்று விழித்ததில்லை. பெஞ்சு நிறைந்தால் மையத்துக்குப் பணம் வந்துவிடும். படித்தவன் பிறகு என்ன ஆனான் என்று கேட்க நாதியில்லை. மத்திய அரசின் புதுக் கொள்கை அந்தச் சுவரை உடைத்தது. நிஜமாகவே உடைத்தது. இரண்டு கொத்தனார்கள் வந்து ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டார்கள். கதவு பிறகு வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இனிமேல் படித்தவன் ஆறு மாதம் கழித்தும் அந்தத் தொழிலோடு தொடர்புடைய வேலையில் இருந்தால்தான் கணக்கில் சேர்வான். எட்டுப் பேர் படித்தால் ஆறு பேராவது தேற வேண்டும். தேறாவிட்டால் வகுப்புக்கு மூடுவிழா.

வேடிக்கை என்னவென்றால், இந்த மாற்றம் வேண்டும் என்று கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்று தொண்டை கிழியப் பேசியவள் கூண்டக்காதான். "பெஞ்சை எண்ணாதீங்க சார், ஆளை எண்ணுங்க!" என்று அவள் சொன்னதற்கு அன்று கூட்டமே கை தட்டியது. இப்போது ஆளை எண்ணும் முறை வந்தபோது அவளுக்கே ஓர் ஆள் குறைந்தது.

ஐந்து பேர் கம்பெனிகளில் சேர்ந்து நன்றாக இருந்தார்கள். ஒருத்தி மேற்படிப்புக்குப் போய்விட்டாள். ஒருவன் அப்பாவின் மரக்கடையில் உட்கார்ந்துவிட்டான். மிஞ்சியது ஆமை.

ஆமை என்பதும் வகுப்பு வைத்த பெயர்தான். ஒரு திருகாணியைக் கழற்றினால் அதைத் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, காகிதத்தில் பத்திரமாக வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவான். அவன் சரிசெய்த லிஃப்ட் கிளம்பியதும் தெரியாது, நின்றதும் தெரியாது. ஆனால் அவன் முடிப்பதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி வந்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிடுவார்கள்.

அவன் வேலைக்குச் சேர்ந்த கம்பெனிக்குக் கூண்டக்கா போன் போட்டாள். மேஸ்திரி பேசினார்.

"நல்ல பையன்தாங்க, குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஒரு லிஃப்டுதான் பார்ப்பேன்னா நாங்க கடையை நடத்த வேண்டாமா? அவனே நின்னுக்கிட்டான். எங்க போனான்னு தெரியாது."

ஆமையின் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கத்தான் ஆளில்லை.

மையத்தின் முதல்வர் கையைப் பிசைந்தார். "நான் என்னம்மா பண்றது? உங்க கூடத்தைக் கேட்டு இப்பவே ஆள் வந்து நிக்கிறாங்க. முடி திருத்துற பயிற்சி ஆரம்பிக்கணுமாம். ஆய்வாளர் இந்த மாசமே வர்றாங்க. அதுக்குள்ள அந்த ஆறாவது ஆளைக் காட்டிட்டீங்கன்னா நான் தப்பிச்சேன்."

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது கணவருக்குத் தண்ணீர் புரையேறியது. கடைத்தெரு முனையில் சலூன் வைத்திருப்பவர் அவர்.

"கடைசியில என் தொழில் வந்து உன் தொழிலைத் தூக்குதா?"

"சிரிங்க, நல்லா சிரிங்க. அந்தக் கூடத்துல படிச்சிட்டு வெளிய வர்றவங்க எல்லாம் உங்க கடைக்கு எதிர்லதான் கடை போடப் போறாங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. "ஏம்மா, அந்தப் பையன் எப்படி இருப்பான்னு சொல்லு. தேடுவோம்."

சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பேசாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த வாரமே நாடக அரங்கில் சில்லறை வேடம் போடுகிற ஒருவர் முகச்சவரத்துக்கு வந்தார்.

"இப்பெல்லாம் எங்க அரங்குல திரை ஏறுறதே தெரியலைங்க. முன்னாடி தடதடன்னு ஏறும், முன் வரிசையில குழந்தைங்க வீல்னு கத்தும். புதுசா ஒரு பையன் வந்திருக்கான். அவன் திரையைத் தூக்கி முடிக்கிறதுக்குள்ள எனக்கு வசனம் ரெண்டு தடவை மறந்து, ரெண்டு தடவை ஞாபகம் வந்துடுது."

கணவரின் கத்தி அந்தரத்தில் நின்றது. ஒரு கன்னம் மழித்து, மறு கன்னம் நுரையோடு நடிகரை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, உன் ஆமை கிடைச்சிடுச்சு!"

"எங்கங்க?"

"நாடக அரங்குல. திரை தூக்குதாம்!"

கூண்டக்கா போனபோது அரங்கம் காலியாக இருந்தது. மேடையின் கனமான திரை பாதி உயரத்தில் நின்றது. அதன் பின்னால் யாரோ ஓடுகிற சத்தம். பிறகு திரைக்குக் கீழே இரண்டு கால்கள்.

"டேய், கால் தெரியுது. வெளிய வா."

"திட்டாதீங்க அக்கா."

"முதல்ல வா. திட்டுறதா வேண்டாமான்னு மூஞ்சியைப் பார்த்து முடிவு பண்றேன்."

வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். அவளுக்குப் பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது. சாமான் ஏற்றும் லிஃப்டைப் பார்க்கக் கம்பெனி அனுப்பி வந்தவன், அரங்கின் திரை நடுங்கி நடுங்கி ஏறுவதைப் பார்த்து மனசு கேட்காமல் அதையும் பிரித்திருக்கிறான். மூன்று நாள் ஆகியிருக்கிறது. கம்பெனி திட்டியது, அரங்க மேலாளர் வேலை கொடுத்தார்.

"அங்க மெதுவா செஞ்சா திட்டினாங்க அக்கா. இங்க மெதுவா செஞ்சா கை தட்டுறாங்க."

"அப்புறம் போனை ஏண்டா எடுக்கலை?"

ஆமை தரையைப் பார்த்தான். "லிஃப்டை விட்டுட்டேன்னு உங்ககிட்ட எப்படி சொல்றது?"

கூண்டக்கா தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். திரையின் பாரத்தைச் சமன்செய்ய மறுமுனையில் தொங்கும் இரும்பு எடை. உருளைகளின் மேல் ஓடும் கம்பி வடம். மோட்டார். ஆட்கள் ஏறவில்லை என்பதைத் தவிர அவள் கூடத்தில் இருப்பது எல்லாம் இங்கேயும் இருந்தது.

"நீ எங்கடா விட்டே?" என்றாள்.

ஆனால் ஆய்வாளரின் கணினியில் திரை இயக்குபவர் கலை, பொழுதுபோக்கு என்ற பிரிவில் இருந்தார். லிஃப்ட் பழுது இயந்திரப் பிரிவில் இருந்தது. ஆய்வாளர் இளம்பெண். எதையும் சட்டென்று மறுக்கவும் மாட்டார், சட்டென்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார்.

"மேடம், லிஃப்ட் எங்க, திரை எங்க?"

"ரெண்டும் ஏறும், இறங்கும் மேடம்."

"பலூன்கூடத்தான் ஏறும், இறங்கும்."

கூண்டக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆய்வாளருக்கும் வந்தது. ஆனால் பேனா இறங்கவில்லை. "பிரிவு மாறியிருந்தா நேர்ல பார்த்து முடிவெடுக்கலாம்னு விதி இருக்கு. பார்த்துட்டுத் தொடர்பு இருக்குன்னு எனக்குத் தோணணும். தோணலைன்னா நீங்க என்மேல வருத்தப்படக் கூடாது."

சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு எல்லாரும் போனார்கள். கணவர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, தானே தனக்கு முடிவெட்டிக்கொண்ட மாதிரி ஒரு தலையோடு வந்தார். அரங்க மேலாளர் தேநீரும் ஒரு கேக்கும் ஏற்பாடு செய்திருந்தார். ஆய்வாளர் கேக்கைத் தொடுவதற்கு முன்னால் தட்டை ஒரு விரலால் மெல்லத் திருப்பி, கேக்கில் பூ வரைந்த பக்கம் முன்னால் தெரியும்படி வைத்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூண்டக்காவுக்கு அப்போது கேக்கா முக்கியம்? நாளைக்குக் கூடம் இருக்குமா, அங்கே கண்ணாடியும் சுழல் நாற்காலியும் வந்துவிடுமா என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

மணி அடித்தது. விளக்குகள் மங்கின. கூண்டக்கா முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏம்மா, எல்லாரும் பார்க்கத்தானே வந்திருக்காங்க?" என்று கணவர் காதைக் கடித்தார்.

"சும்மா இருங்க."

மேடைக்கு மேலே இருந்த பரணில் ஆமை விசையைப் போடுகிற சத்தம் டக்கென்று கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. திரை அசையவில்லை. இரண்டாவது டக். மோட்டார் மூச்சுவிடவில்லை. கூட்டத்தில் ஒரு இருமல், பிறகு ஒரு சிரிப்பு. மேலாளர் ஓரத்திலிருந்து தலையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம்!" என்றது பரணிலிருந்து ஆமையின் குரல். அவனுடைய ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். சிரிப்பு பலமானது. கணவர் தன் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார்.

கூண்டக்கா கண்ணைத் திறக்கவில்லை. விசை போடுகிறது, மோட்டார் வாய் திறக்கவில்லை. கம்பி அறுந்தால் வேறு சத்தம். மோட்டார் எரிந்தால் நாற்றம் வரும். இது அவள் கூடத்தில் தினமும் நடப்பது. யாராவது ஒரு பிள்ளை கூண்டின் கதவைச் சரியாகச் சாத்தாமல் பொத்தானை அழுத்தும்போது வருகிற அதே மௌனம். அட, இவன் இங்கேயும் கதவுக்கு விசை வைத்திருக்கிறானா?

கண்ணைத் திறந்து கதவைத் தேடினாள். மேடையின் ஓரத்தில் ஒரு சின்னக் கதவு. அதைத் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வெளி வராந்தாவின் வெளிச்சத்தில் குறிப்பு எழுதியபடி ஆய்வாளர் நின்றிருந்தார்.

"மேடம்! கதவைச் சாத்துங்க!"

மொத்த அரங்கமும் திரும்பிப் பார்த்தது. திடுக்கிட்ட ஆய்வாளர் முன் வரிசைப் பக்கம் நாலு எட்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் கதவு பட்டென்று சாத்திக்கொண்டது.

திரை ஏறியது.

எப்போது ஏற ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கீழ் விளிம்புக்கும் மேடைக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கோடு, பிறகு ஒரு கை அகலம், பிறகு நடிகர்களின் பாதங்கள், முழங்கால்கள். பொழுது விடிகிறபோது யாரும் அவசரப்படுத்த முடியாதே, அந்த மாதிரி. மேலே போய் நிற்பதற்கு முன் ஒரு நொடி தயங்கி, நின்றது. கதவைச் சாத்தச் சொன்னதும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு கூட்டம் கை தட்டித் தீர்த்தது. சில்லறை வேட நடிகருக்கு வசனம் முழுசாக மறந்துபோனது.

காட்சி முடிந்ததும் ஆய்வாளர் நேரே ஆமையிடம் போனார். "நான் கதவைச் சாத்தினதுக்கும் திரை ஏறினதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அந்தக் கதவுக்குப் பக்கத்துலதான் மேடம் எடை இறங்கும். திரை ஏறும்போது யாராவது தெரியாம உள்ள வந்தா தலையில விழுந்துடும். அதான் நேத்து கதவுல ஒரு சுவிட்ச் வெச்சேன். கதவு சரின்னு சொன்னாத்தான் கூண்டு நகரணும்னு அக்கா சொல்லிக் கொடுத்திருக்காங்க. மேல இருந்து பார்த்தா கதவு தெரியலை. பதற்றத்துல மறந்துட்டேன்."

"இது கூண்டு இல்லையேப்பா. திரை."

ஆமை மேலே பார்த்தான், கீழே பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"எனக்கு அப்படித் தோணலையே மேடம்."

ஆய்வாளர் சிரிக்க ஆரம்பித்தார். சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "போதும்பா. எனக்கும் இனிமே தோணாது" என்று சொல்லிவிட்டு, அங்கேயே எல்லாரும் பார்க்க, தொடர்புடைய வேலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கூண்டக்கா மேடை ஓரம் போய்ச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள். "சமத்து" என்றாள். அது சுவருக்கா, பக்கத்தில் நின்ற ஆமைக்கா என்று தெரியவில்லை. அவன் காது மட்டும் சிவந்தது.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னை ஒரு தடவை சொன்னதில்லை" என்றார் கணவர்.

"நீங்க நிக்கும்போது குலுங்குறீங்க" என்றாள் அவள்.

கூடம் கூண்டக்காவிடமே இருக்கிறது. முடி திருத்தும் பயிற்சிக்கு மாடியில் ஓர் அறை கிடைத்தது. வாரத்துக்கு ஒருநாள் பாடம் எடுக்கப் போகிறவர் அவள் கணவர்தான். சுவரில் போட்ட ஓட்டைக்கு இன்னும் கதவு வரவில்லை. வேலை தேடித் தருகிற அலுவலகத்து ஆட்கள் அந்த ஓட்டை வழியாகத் தேநீர்க் குவளையோடு வந்து, எங்கேயும் போகாத லிஃப்டில் ஒரு சவாரி போய்விட்டுத் திரும்புகிறார்கள். புது வகுப்பில் எட்டுப் பேர். முதல் நாளே ஒரு மணி நேரம் கதவைப் பற்றி மட்டும் பேச ஆமை வந்திருந்தான். இரண்டு மணி நேரம் ஆனது.

ஆய்வாளரைப் பற்றிய செய்தி வெகுநாள் கழித்துத்தான் தெரிய வந்தது. இந்தத் திட்டத்தை நாடெங்கும் கொண்டுவருவதற்கு முன் சோதனையாக நடத்திப் பார்த்த மையம் ஒன்றில் அவரும் படித்தவர். படித்தது கேக் அலங்காரம். ஆறு மாதம் கழித்து எண்ண வந்தபோது அவர் அரசு அலுவலகத்தில் சேர்ந்திருந்தார். தொடர்பில்லை என்று எழுதினார்கள். ஓர் ஆள் குறைந்து அந்த வகுப்பு மூடப்பட்டது.