தகரம் கட்டிய வள்ளம்

என் மாமாவைப் போல அளந்து வேலை செய்கிற மனிதரை நான் பிறகு கண்டதில்லை. தெமட்டகொடை ரயில்வே யார்டில் இயந்திரம் பூட்டுகிற பிற்றராக இருந்தார். வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் சுவரை அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, திரும்பவும் அளந்த பிறகுதான் சுத்தியலைத் தேடுவார். சுத்தியல் ஒருநாளும் வைத்த இடத்தில் இருக்காது, அது வேறு கதை.

கொட்டாஞ்சேனையில் இருந்த எங்களுக்குப் பள்ளிக்கூட விடுமுறை என்றால் வெள்ளவத்தையில் மாமா வீடுதான். தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். அங்கே மீன்பிடிக்கிற ஒரு சிங்கள இளைஞனிடம் மாமா பழைய வள்ளமொன்றை வாங்கி, மதிலுக்கு உள்ளே முற்றத்தில் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடப் போவதாக உத்தேசம். பருத்தித்துறைக் கடற்கரையில் வளர்ந்தவர் கொழும்பில் இரும்போடு மாரடித்து அலுத்துப்போயிருந்தார். அந்த வள்ளத்தைத் தடவும்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாவமாக இருக்கிறது.

மாமியின் தமையன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். அதைப்பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. மாமியும் மாமாவைப் போகவேண்டாம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. “போங்கோ, ஆர் மறிச்சது? உந்தச் சாமானை வடிவாத் திருத்திப்போட்டுப் போங்கோ” என்றார், அவ்வளவுதான்.

ஓட்டையெல்லாம் அடைத்துத் தார் பூசினார் மாமா. மாமி சுற்றிவந்து பார்த்துவிட்டு, இருக்கிற பலகை ஒடுக்கம், தவறி விழுந்துவிடுவீர்கள் என்றார். அகலப் பலகை வந்தது. வெயில் பட்டால் உங்களுக்குத் தலையிடி வரும் என்றார். குழாய் வளைத்துக் கூரை வந்தது. திருத்தத் திருத்த மாமாவுக்கும் உற்சாகம் ஏறியது. வேலைவிட்டு வந்தால் உடுப்பு மாற்றாமலே முற்றத்துக்குப் போய்விடுவார்.

மாமா வேலைக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், மாமி தையல் நாடாவை எடுத்துவந்து ஒரு நுனியை என்னிடம் தந்தார். வாசல் கேற்றின் ஒரு தூணில் நான் பிடிக்க, மற்றத் தூணில் அவர் பிடித்தார். பிறகு வள்ளத்தின் அகலத்தையும் அளந்தோம்.

“என்னத்துக்கு மாமி?”

“சும்மா பிடி பிள்ளை.”

அன்றைக்கு மாமாவுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது மாமி மெல்லத் தொடங்கினார். “கவிண்டா என்ன செய்வியள்? ரெண்டு பக்கமும் வெறும் எண்ணெய்த் தகரம் கட்டினா மிதக்குமெல்லோ?”

மாமா வள்ளத்தைப் பார்த்தார், கேற்றைப் பார்த்தார், தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

“ஓம். மிதக்கும்” என்றார்.

தகரங்களின் வாயை ஈயம் வைத்து அடைத்து, சட்டம் போட்டு, இரண்டு பக்கமும் வரிசையாக முடுக்கினார். இரண்டு கக்கத்திலும் தலையணை வைத்துக்கொண்ட ஆளைப் போல வள்ளம் ஊதிப்போய் நின்றது.

நல்ல நாள் பார்த்து, கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். வள்ளம் விற்ற இளைஞன் தூக்குவதற்குக் கூட்டாளிகளோடு வந்திருந்தான். கேற் வரைக்கும் ராஜமரியாதையோடு போன வள்ளம் அங்கே நின்றுவிட்டது. நிமிர்த்தினால் தகரம் முட்டியது, சரித்தால் கூரை முட்டியது. நான் வயிறு நோகச் சிரித்தேன்.

“அய்யே, தகரம் கழட்டுவம்” என்றான் அவன். சிங்களத்தில் அய்யே என்றால் அண்ணன், மல்லி என்றால் தம்பி.

“தகரமில்லாமல் போறேல்லை எண்டு வீட்டில சொல்லிப்போட்டன், மல்லி.”

“அப்ப மதில் கொஞ்சம் உடைப்பம்.”

“சீதன வீட்டு மதில். நான் கை வைக்கேலாது” என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். மாமி மட்டும் சிரிக்கவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போடுவதாகச் சொல்லி உள்ளே போனவர், நெடுநேரம் வெளியே வரவில்லை.

வள்ளம் முற்றத்திலேயே தங்கிவிட்டது. பின்னேரங்களில் அந்தக் கூரையின்கீழ் அகலப் பலகையில் இருந்துகொண்டு மாமி முருங்கையிலை உருவுவார். எதிரே மாமா பேப்பர் பார்ப்பார். கடல் இரைவது அங்கே நன்றாகக் கேட்கும்.

விடுமுறை முடிந்து புறப்படும்போது என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

“மாமா, நீங்கள் கேற்றை அளக்கேல்லையோ?”

“அளந்தனான்.”

“அப்ப பிழையா அளந்திட்டியள்.”

மாமி சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, “ஓம் பிள்ளை, பிழைச்சுப்போச்சு” என்றார் மாமா.

மாமாவுக்கு அளக்கத் தெரியாது என்று கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அம்மாவிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த அகப்பை நின்றது.

“ஆருக்கு, என்ரை தம்பிக்கோ?” என்று கேட்டுவிட்டு அப்படியே அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பியைக் குறை சொன்னதில் அம்மாவுக்கு மனவருத்தம் என்று நினைத்தேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று, “பரவாயில்லை அம்மா, மாமி சரியா அளந்தவ. நான்தான் நாடா பிடிச்சனான்” என்றேன்.